எஃகுக் கத்தியின் வரிகளை வெளிக்கொணர்தல்: கேள்வி-பதில்

கேள்வி: 1095, 15என்20 எஃகுகளை அடுக்கி உலையில் ஒட்டவைத்துச் செய்த கத்தியை, இரும்பை அரிக்கும் பெரிக் குளோரைடுக் கரைசலில் பத்து நிமிடம் வைத்தும் வரிகள் மங்கலாகவே தெரிகின்றன. கரைசல் பழுதா?

பதில்: கரைசலைவிடக் கத்தியைத்தான் முதலில் சந்தேகிப்பேன். 15என்20 எஃகில் ஏறத்தாழ 2 விழுக்காடு நிக்கல் இருப்பதால் அந்த அடுக்கு அரிப்பைத் தாங்கி வெளுப்பாக நிற்கும். நிக்கல் சேர்க்கப்படாத 1095 கரைந்து கறுக்கும். இந்த வேறுபாடு துலங்க வேண்டுமானால், கத்தி முன்னதாகவே துவைச்சல் இடப்பட்டிருக்க வேண்டும் (அதாவது, பழுக்கச் சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கப்பட்டிருக்க வேண்டும்). அடுத்து, மெருகுச் சக்கரத்தில் பளபளப்பாக்கியிருந்தால், அதன் மெழுகு மேற்பரப்பில் படிந்து கரைசலைத் தடுத்திருக்கும். உப்புத்தாளால் கையாலேயே 600 எண் வரை ஒரே திசையில் தேய்த்து, அசிட்டோனால் துடைத்தபின் வெறும் விரலால் தொடாதீர்கள். விரல் ரேகையும் கத்தியில் பதிந்துவிடும். கடைக் கரைசல் ஒரு பங்குக்கு காய்ச்சி வடித்த நீர் மூன்று அல்லது நான்கு பங்கு சேருங்கள். கெட்டியாக இருந்தால் வரி நன்கு விழும் என்பது தவறான எண்ணம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்து, கரும்படிவைத் துடைத்து மீண்டும் அமிழ்த்துங்கள். முடிவில் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள்.

கேள்வி: பழைய உருக்கு வாள்களின் வரியும் இப்படி அடுக்கிச் செய்ததுதானா?

பதில்: இல்லை. கொடுமணல் போன்ற இடங்களில் மூசையில் (உலோகம் உருக்கும் மண்கலத்தில்) உருக்கப்பட்ட வகை எஃகில் கரிமம் ஏறத்தாழ 1.5 விழுக்காடு இருக்கும். அது மெல்ல ஆறும்போதும், பின்னர் மிதமான சூட்டில் பலமுறை அடிக்கப்படும்போதும் இரும்புக் கார்பைடுத் துகள்கள் பட்டை பட்டையாகத் திரள்கின்றன. வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிதளவு கலந்திருப்பதே இத்திரட்சிக்குக் காரணம் என்று உலோகவியலாளர் வெர்ஹோவனும் கத்திக் கொல்லர் பென்ட்ரேயும் 1998-இல் விளக்கினர். அமிலம் இத்துகள்களை விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதைக் கறுக்கச் செய்கிறது. கொல்லர் மிகைச் சூடு ஏற்றித் துகள்களைக் கரைத்துவிட்டிருந்தால், எந்தக் கரைசலாலும் வரியை மீட்க முடியாது.

கேள்வி: வீட்டிலுள்ள பரம்பரை வாளை நானே அரித்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மலிவாகக் கிடைத்த ‘டமாஸ்கஸ்’ (வரியோடும் எஃகு) சமையல் கத்தி உண்மையானதா?

பதில்: மறைவான ஓரிடத்தில் வரி மறையும்வரை தேய்த்து, அங்கே மட்டும் பெரிக் குளோரைடுக் கரைசல் தடவுங்கள். வரி திரும்பாவிட்டால், அது பெரும்பாலும் மேலே பொறித்த அலங்காரம். மின்சுற்றுப் பலகை செய்வோர் வாங்கும் அதே கரைசல்தான் இது. மீதியை எவர்சில்வர் தொட்டியில் ஊற்றினால் தொட்டியும் அரிபடும்.