பத்தாயிரம் கேம் இருக்குற ஸ்டிக் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. சின்ன வயசுல டிவில கார்ட்ரிட்ஜ் போட்டு மரியோ, கான்ட்ரா, டக் ஹன்ட்னு நானும் அக்காவும் விளையாடுவோம். வேலைக்கு வந்தப்புறம் ஒரு ஆன்லைன் கேம்ல விடிய விடிய உக்காந்து தூக்கம் கெட்டுப்போச்சு, அதோட கேம் பக்கமே போறதில்ல. இப்போ டிவில சொருகுற ஸ்டிக், பத்தாயிரம் கேம், ரெண்டு வயர்லெஸ் கன்ட்ரோலர்னு விளம்பரம் பாக்குறேன். ஆசையா இருக்கு, மறுபடி மாட்டிக்குவேனோன்னு பயமாவும் இருக்கு. வாங்கலாமா?

பதில்: அந்த ஸ்டிக் வேணாங்க. அந்தக் காலத்துல கார்ட்ரிட்ஜ் மேல 9999999 இன் 1னு போட்டிருக்கும், உள்ள போனா அதே கொஞ்சம் கேம்தான் பேர் மாறி, நடு லெவல்ல இருந்து ஆரம்பிச்சு திரும்பத் திரும்ப வரும், ஞாபகம் இருக்கா, இதுலயும் அப்படித்தான், ஒரே கேமோட ஜப்பான் வெர்ஷன், அமெரிக்கா வெர்ஷன்னு தனித்தனியா எண்ணிக் கணக்கு காட்டுவாங்க. பெரும்பாலும் உரிமை வாங்காத காப்பி வேற.

அதைவிட பெரிய தொல்லை லேக். மட்டமான வயர்லெஸ் கன்ட்ரோலர்ல கொஞ்சம் தாமதம், இப்போ வர்ற டிவி படத்தை மெருகேத்திக் காட்டுறதுல இன்னும் கொஞ்சம், ரெண்டும் சேர்ந்தா நீங்க சரியான நேரத்துல பட்டன் அமுக்கினாலும் மரியோ பள்ளத்துல விழுந்த அப்புறம்தான் குதிப்பாரு. கை பழக்கம் போயிடுச்சுன்னு நினைச்சு மனசு விட்டுப்போயிடும், தப்பு உங்க மேல இருக்காது. எதை வாங்கினாலும் டிவியோட தாமதம் குறைய செட்டிங்ஸ்ல கேம் மோட் ஆன் பண்ணுங்க. டிவியைப் பாத்து துப்பாக்கியால வாத்து சுடுற டக் ஹன்ட்டை மட்டும் மறந்துடுங்க, துப்பாக்கியை அமுக்கின உடனே திரை ஒரு கணம் கருப்பாகி வாத்து இருக்குற இடம் மட்டும் வெள்ளைக் கட்டமா மின்னும், அந்த வெளிச்சத்தைத்தான் துப்பாக்கி பிடிக்கும், பழைய குண்டு டிவில அது அந்த நொடியே தெரியும், எல்இடி டிவில லேட்டா வர்றதால வேலை செய்யாது.

பயம்னு சொன்னீங்களே, அதை நான் மதிக்கிறேன், விலகி இருந்ததுல எந்த நஷ்டமும் இல்ல. ஆனா உங்களை மாட்டவச்ச கேமும் இதுவும் ஒண்ணு இல்லைங்க. அதுல தினமும் உள்ள வந்தா பரிசு, டீம்ல நாலு பேர் காத்திருப்பாங்க, முடிவே கிடையாது. 1985ல வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 32 லெவல், முடிஞ்சா முடிஞ்சதுதான், டிவியை அணைச்சா யாரும் கூப்பிட மாட்டாங்க. அதனால உங்களுக்குன்னு பாத்தா இன்டர்நெட்டே போகாத டப்பாதான் நல்லது. பழைய கேம் ஆடணும்னு மட்டும் புது கன்சோல் வாங்காதீங்க, அதே மெஷின்ல ரெண்டு பட்டன் தள்ளி ஆன்லைன் கேம் எல்லாம் உக்காந்திருக்கும்.

மரியோவை உருவாக்கின நின்டெண்டோ கம்பெனியே 2016ல என்இஎஸ் கிளாசிக்னு ஒரு குட்டி கன்சோல் விட்டாங்க, 30 கேம், நெட் கிடையாது, எச்டிஎம்ஐ வயர்லயே படம் வரும். இப்போ தயாரிக்கிறதில்ல, செகண்ட் ஹேண்ட்லதான் தேடணும், டூப்ளிகேட்டும் நிறைய சுத்துது, அட்டைப்பெட்டில 500, 600 கேம்னு இருந்தா அது ஒரிஜினல் இல்ல. இதுல மரியோ இருக்கு, கான்ட்ரா இல்ல, அதோட அடுத்த பாகமான 'சூப்பர் சி'ங்கிற கேம்தான் இருக்கு. கூட வந்தது ஒரே ஒரு கன்ட்ரோலர், அதோட வயரும் ஒரு மீட்டர் கூட வராது, ரெண்டாவது கன்ட்ரோலரும் எக்ஸ்டென்ஷன் வயரும் சேத்து விலை எவ்வளவு ஆகுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கான்ட்ராதான் வேணும்னா, அதை உருவாக்கின கொனாமி கம்பெனி 2019ல பழைய கான்ட்ரா கேம்களை ஒரே தொகுப்பா விட்டாங்க, வீட்டுல இருக்குற கம்ப்யூட்டர்லயே ஓடும். முதல்ல அதை வாங்கி அக்கா வர்ற அன்னைக்கு ரெண்டு பேரா விளையாடிப் பாருங்க. மறுநாள் தனியா உக்காரணும்னு மனசு ரொம்ப இழுத்துச்சுன்னா கன்சோலுக்குக் காசு போடாதீங்க.