பிளாக் மெட்டலை நிஜமாவே ரசிச்சுத்தான் கேக்குறீங்களா, இல்ல சும்மா சீன் போடுறதா?

கேள்விக்குக் கீழ "மிக்சி ஓடுற சத்தத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்"னு வேற சேத்துக் கேட்டிருக்கீங்க பாருங்க, அதுக்காகத்தான் இந்தப் பதில். உங்க ரூம்மேட்டோ தம்பியோ இந்த கரகர கிதாரும் கத்தற குரலுமான மெட்டல் வகைய ராத்திரியில ஸ்பீக்கர்ல போட்டு உசிர வாங்குறாங்கன்னு நெனக்கிறேன். ஸ்பீக்கர்ல போடுறது அராஜகம், அதுல நான் உங்க கட்சி. ஆனா சீன் போடுறேன்னு சொன்னீங்கன்னா, சீன் போட பாக்குறதுக்கு ஆளு வேணுமே பாஸ். எனக்கு ஊரு காவேரிப்பட்டணம். இங்க டார்க்த்ரோன்ங்கற நார்வே பேண்டு பேரு போட்ட டீசர்ட் மாட்டிட்டுப் போனா டீக்கடையில ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, அந்த எழுத்த யாராலயும் படிக்க முடியாது, ஏதோ முள்ளு டிசைன்னு விட்டுருவாங்க.

நான் வேலை பாக்குறது ஓசூர் சிப்காட்ல. அங்க கூட வேலை செஞ்ச ஷில்லாங் பையன் ஒருத்தன்தான் மெமரி கார்டுல ஏத்திக் குடுத்தான். ஷில்லாங் பக்கமெல்லாம் மெட்டல்னா உசுரு. மொதல்ல கேட்டப்ப எனக்கும் மிக்சிதான். அப்புறம் ஒரு டிசம்பர் மாசம், செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு சேலம் பஸ் ஏறினா கண்டக்டர் "காவேரிப்பட்டணம் நிக்காது, கிருஷ்ணகிரியில எறங்கிக்கோ"ன்னுட்டாரு. இத ஒரு நிமிஷம் சொல்லிக்கிறேன், கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், ஆனா வயித்தெரிச்சல். ஊரு ரோட்டு மேல இருக்கு, பஸ் அந்த வழியாத்தான் போவுது, எறக்கி விட அர நிமிஷம் ஆகுமா? அதுக்கு நிக்காது. சரி கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்குள்ளயாவது போவாங்களான்னா அதுவும் இல்ல, பைபாஸ்ல இருட்டுல எறக்கி விட்டுட்டு போய்க்கிட்டே இருப்பாங்க. பொம்பளைங்க, வயசானவங்க, கைக்குழந்தை வெச்சிருக்கவங்க எல்லாருக்கும் இதே கதிதான். யாராவது கேட்டா "ரூட்டு அப்படித்தான்". எத்தன மனு போச்சோ தெரியாது.

அப்படி பைபாஸ்ல நிக்கறேன். பனி எறங்கி லாரி வெளிச்சம் மட்டும் மஞ்சளா வருது போவுது, இயர்போன்ல ஒரு பக்கம் மட்டும்தான் வேலை செய்யுது. டார்க்த்ரோனோட 1994 ஆல்பம், ட்ரான்சில்வேனியன் ஹங்கர் ஓடிட்டு இருந்துச்சு. ஒரே கிதார் லைன், மாறாம திரும்பத் திரும்ப, கீழ டிரம்ஸும் அதே வேகத்துல நிக்காம, பேஸ் இருக்கா இல்லையான்னே தெரியல. எனக்கு எப்ப புடிச்சுதுன்னு சொல்லத் தெரியல, ஆனா பஸ் வந்தப்ப ச்சே வந்துருச்சேன்னு இருந்துச்சு. எங்க ஊரு மாரியம்மன் பண்டிகையில பம்பைக்காரங்க ஒரே அடிய மாத்தாம அடிச்சு அடிச்சு ஒரு கட்டத்துல நிக்கறவங்களுக்கு சாமி வந்துரும்ல, அந்த மாதிரி. நடுவுல யாராவது அடிய மாத்தினா சாமி வராது. இதுலயும் அதேதான், மாறாம இருக்கறதுதான் சரக்கு. நீங்க பல்லவி எங்க சரணம் எங்கன்னு தேடுறீங்க, அதான் மிக்சியா கேக்குது.

அந்த கரகர சவுண்டும் காசு இல்லாம மட்டும் வந்தது இல்ல, வேணும்னே பண்ணது. நான் சொன்ன ஆல்பத்துல ஃபென்ரிஸ்ங்கற ஒரே ஆளு கிதார், பேஸ், டிரம்ஸ் எல்லாத்தையும் நாலு ட்ராக் மெஷின்ல தானே ரெக்கார்ட் பண்ணாரு, குரல் மட்டும் நோக்டர்னோ கல்ட்டோங்கறவரு. இந்த ஃபென்ரிஸ் பயங்கரமான ஆளுன்னு நெனச்சுக்காதீங்க, நார்வே தபால் துறையில வேலை பாத்தவரு. அவங்க ஊரு கவுன்சிலுக்கு மாத்து உறுப்பினரா பேரு குடுக்கச் சொன்னப்ப, பூனைய தூக்கி வெச்சுக்கிட்டு போட்டோ எடுத்து "எனக்கு ஓட்டுப் போடாதீங்க"ன்னு பிரச்சாரம் பண்ணாரு, ஜனங்க போட்டு ஜெயிக்க வெச்சுட்டாங்க. 2016ல இது பெரிய செய்தியாச்சு.

இப்ப கமெண்ட்ல ஒருத்தர் வருவாரு, "சர்ச்ச கொளுத்துனவங்க பாட்டு, கொலைகாரன் பாட்டு"ன்னு. தெரியும் சார். 1992 ஜூன்ல பெர்கன் பக்கத்துல ஃபான்டாஃப்ட் சர்ச் எரிஞ்சுது, முழுக்க மரத்துல கட்டினது, 800 வருஷத்துக்கு மேல பழசு. எனக்கு சாமி பக்தி பெருசா இல்ல, ஆனா பழசுன்னா மரியாதை உண்டு, எங்க தர்மபுரி பக்கம் நடுகல்லு மேல துணி தொவைக்கறதப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும். அதனால அத கெத்துன்னு சொல்ற ரசிகனுங்கள எனக்கு ஆகவே ஆகாது. வர்க் விகெர்னஸோட பேண்டு பர்ஸம், அத நான் கேக்கறதும் இல்ல. அவரு 1993 ஆகஸ்ட்ல மேஹெம் பேண்டு கிதாரிஸ்ட் யூரோனிமஸ கத்தியால குத்திக் கொன்னு, 21 வருஷம் தண்டனை வாங்கி, 2009ல வெளிய வந்தாரு. வந்தப்புறமும் பேச்செல்லாம் இனவெறிதான். அந்தாளு கணக்குல நம்ம தோலுக்கு என்ன மதிப்புன்னு தெரிஞ்சுக்கிட்டே நான் எதுக்கு அவருக்கு வியூஸ் குடுக்கணும்? "கலைய தனியா பாரு"ன்னு சொல்றவங்க பாத்துக்கோங்க, நான் தடுக்கல. டார்க்த்ரோன் ஆல்பத்துல கடைசி நாலு பாட்டு வரி அவரு எழுதுனதுதானேன்னு மடக்க வருவீங்க, அதுவும் தெரியும். நார்வீஜியன் எனக்குப் புரியாது, கிதாருக்காக கேக்கறேன், இது கொஞ்சம் சௌகரியமான நியாயம்தான், இருந்துட்டுப் போகட்டும்.

மூஞ்சில சுண்ணாம்பு அடிச்ச மாதிரி மேக்கப்பும் கேட்டிருந்தீங்க. போன் வால்பேப்பர்ல இம்மார்ட்டல் பேண்டு அப்பாத் படம் வெச்சிருந்தேன், கருப்பும் வெள்ளையும் பூசி நாக்கத் தொங்க விட்டுட்டு. எங்கம்மா போன வாங்கி உத்துப் பாத்துட்டு, "ஏன்டா, இது எந்த ஊரு கூத்து செட்டு?"ன்னு கேட்டுச்சு. நார்வேம்மான்னேன். "துரியோதனன் வேசத்துக்கு இவ்ளோ வெள்ள பூசக் கூடாது, செவப்பு வேணும்"னுச்சு. விடிய விடிய பாரதக் கூத்து பாத்து வளந்த பொம்பள, சாத்தான்னெல்லாம் பயப்படல, மேக்கப் சரியில்லன்னுதான் கொற.

என் டேஸ்ட்ட கேட்டா, கீபோர்ட் வெச்சு சினிமா பேக்ரவுண்ட் மாதிரி ஊதிப் பெருக்குற வகை எனக்கு ஒத்துக்காது, டிம்மு போர்கிர் பேண்டு ரசிகர்கள் அடிக்க வராதீங்க, எம்பரர் பேண்டு மட்டும் விதிவிலக்கு, 1994 ஆல்பத்துல அவங்க கீபோர்ட்ட பனி மாதிரி பின்னாடியே வெச்சிருப்பாங்க. சிங்கப்பூர் பேண்டு ருத்ரா, நம்ம ஆளுங்க, 1992லயே ஆரம்பிச்சு சமஸ்கிருத சுலோகம் வெச்சு வேதாந்தம் பாடுறாங்க, மரியாதை நெறைய உண்டு, ஆனா அது மெட்டல்லயே இன்னொரு வகையான டெத் மெட்டல் பக்கம் சாயுது, நான் அடிக்கடி போடறதில்ல. இளையராஜா கேக்க மாட்டியான்னு கேப்பீங்க, கேப்பேன், காலையில அதுதான்.

உங்களுக்கு ஒரு சந்தர்ப்பம் குடுத்துப் பாக்கணும்னு தோணினா பாத்தரில ஆரம்பிங்க, ஸ்வீடன் பேண்டு, நார்வேக்காரங்க எல்லாரும் அங்க கத்துக்கிட்டதுதான். இல்லன்னா இம்மார்ட்டல் 1999ல போட்ட ஆல்பம், சவுண்டு கொஞ்சம் சுத்தமா இருக்கும். டார்க்த்ரோன் அப்புறம். போன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு வந்து மறுபடி மிக்சின்னு எழுதாதீங்க, இயர்போன் போடுங்க, ஒரு பக்கம் வேலை செஞ்சாலும் போதும்.