கிரிஸ்லி கரடிகளும் காட்டுப் பாதைகளும் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரியில் வசிக்கிறேன். போன மாதம் குடும்பத்தோடு பக்கத்து மலைப்பகுதியான கனனாஸ்கிஸ் போயிருந்தோம். சாலையோரத்தில் ஒரு தாய்க் கிரிஸ்லி, இரண்டு குட்டிகள். முக்கால் மணி நேரம் காரை ஓரங்கட்டி நின்று பார்த்தோம். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லை. ஆல்பர்ட்டாவில் 2006 முதல் கிரிஸ்லி வேட்டை கிடையாது. பக்கத்து பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2017இல் நிறுத்தினார்கள். 2024இல் ஆல்பர்ட்டா அரசு விதியை மாற்றி, ‘பிரச்சினைக் கரடி’களைச் சுட வெளியாட்களைப் பயன்படுத்தலாம் என்றது. ஆபீஸில் வேட்டைக்குப் போகும் நண்பர்கள், “கரடி பெருகிவிட்டது, துப்பாக்கி இல்லாவிட்டால் அதற்கு மனிதன்மேல் பயம் போய்விடும், வேட்டைக்காரன் பணத்தில்தான் காடே பிழைக்கிறது” என்கிறார்கள். தடை நீடிக்க வேண்டும் என்ற மனுவில் நான் கையெழுத்துப் போட்டேன். சரிதானே? மிச்சமிருக்கும் கரடிக்காட்டை எல்லாம் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

செந்தில், கால்கரி

அன்புள்ள செந்தில்,

கையெழுத்துப் போட்டது சரிதான். அதில் குழப்பம் வேண்டாம். ஆனால் முக்கால் மணி நேரம் காரை ஓரங்கட்டி நின்றோம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை உறுத்தியது. கரடிக்காட்டுக்குள் போகும் பாதைகளைப் பற்றிச் சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் இந்தப் பதில் உங்கள் கேள்வியை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகும்.

நண்பர்கள் சொன்னதை முதலில் முடித்துவிடலாம். கரடி கூடியிருப்பது உண்மை. 2010இல் கிரிஸ்லியை அழிவின் விளிம்பை நோக்கிப் போகும் விலங்காக ஆல்பர்ட்டா அறிவித்தபோது எழுநூறுக்குச் சற்றுக் குறைவாக மதிப்பிட்டிருந்தார்கள். 2021இல் வெளியான கணக்கு 856 முதல் 973 வரை. இதை மறுத்து வாதாடாதீர்கள். ஆறரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள மாகாணத்தில் இன்னும் ஆயிரம்கூட ஆகவில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள்.

துப்பாக்கி பயம் கற்பிக்கும் என்பதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை. கிரிஸ்லி கூட்டமாகத் திரிகிற விலங்கு இல்லை. சுடப்பட்டது செத்துவிடும், பார்த்துக் கற்றுக்கொள்ளப் பக்கத்தில் இன்னொன்று இருக்காது. பயத்தைக் கற்பிக்க வேண்டுமென்றால் மின்வேலி இருக்கிறது. ஐந்து கம்பி, குறைந்தது 6,000 வோல்ட். கரடி அடியில் தோண்டும் என்பதால் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகக்கூடாது. கோடையில் மண் காய்ந்துவிட்டால் தரை வழியாக மின்சாரம் திரும்பாது. அப்படிப்பட்ட இடங்களில் ஒரு கம்பியில் மின்சாரம், அடுத்தது எர்த் என்று மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். வேலியடியில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் அழுத்தம் இறங்கிவிடும். வேலி போட்டும் கரடி வந்துவிட்டது என்று புலம்புகிற பண்ணைகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும். மூக்கில் ஒருமுறை அடிவாங்கிய தாய் உயிரோடு இருக்கும், குட்டியையும் விலக்கிக் கூட்டிப்போகும்.

பணக் கதையும் அரைகுறையானது. அமெரிக்காவில் 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. அங்கே அந்த வாதத்துக்குக் கால் உண்டு. கனடாவில் அப்படி ஒரு வரி இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரையோர மழைக்காட்டில் 2012இல் கரடியைப் பார்க்க வந்தவர்கள் செலவழித்தது, சுட வந்தவர்கள் செலவழித்ததைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்.

தலையை வெட்டிச் சுவரில் மாட்டும் வேட்டை சரியா என்று விவாதிக்க எனக்குப் பொறுமை இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரையோரப் பழங்குடிகள் 2012லேயே தங்கள் நிலத்தில் அதைத் தடைசெய்துவிட்டார்கள். அரசு வந்துசேர ஐந்து வருடம் ஆனது. ஆனால் வடமேற்கில் இருக்கும் டால்டன் மக்கள் அரசின் தடையை எதிர்த்தார்கள், தங்களைக் கேட்காமல் தங்கள் நிலத்தில் முடிவெடுத்ததற்காக. அந்தக் கோபமும் நியாயமானதே. இன்னொன்று, அரசு போடும் தடை அரசு மாறினால் போய்விடும். 2001 பிப்ரவரியில் அதே மாகாணம் மூன்றாண்டுத் தடை போட்டது. தேர்தலில் ஆட்சி மாறியதும் அந்த வருடமே எடுத்துவிட்டார்கள். 2017 டிசம்பர் 18 அன்று அறிவித்ததும் கல்லில் செதுக்கியது இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தடைக்கு முன் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆண்டுக்குச் சுமார் 250 கரடிகளை உரிமம் வாங்கிச் சுட்டார்கள். மாகாணத்தின் மொத்தக் கணக்கு 15,000. மனிதக் கையால் நூற்றுக்கு 6 வரை செத்தால் தாங்கும் என்று வைத்துக்கொண்டுதான் சுடலாம் என்ற எண்ணிக்கையைப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தக் கணக்கில் ஓட்டை எங்கே என்றால், எல்லாச் சாவும் பதிவேட்டுக்கு வருவதில்லை. ராக்கி, கொலம்பியா மலைத்தொடர்களில் 1975 முதல் 1997 வரை நடந்த 13 ஆய்வுகளில் 388 கிரிஸ்லிகளுக்கு இருப்பிடம் காட்டும் ரேடியோ பட்டை கட்டியிருந்தார்கள். அவற்றில் 99 செத்தன. முக்கால் பங்குக்கு மேல் மனிதன் கொன்றது. பட்டை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், செத்தவற்றில் ஏறக்குறைய பாதி அதிகாரிகளுக்குத் தெரியாமலே போயிருக்கும். உரிமத்தோடு சுடுவதை நிறுத்திவிட்டீர்கள், சரி. இந்த எழுதப்படாத பாதி எங்கே நடக்கிறது?

பாதையோரத்தில். நெடுஞ்சாலையை மட்டும் சொல்லவில்லை. மரம் வெட்டவும் எரிவாயுக் கிணறு தோண்டவும் மலைக்குள் போட்ட மண் பாதைகளைச் சொல்கிறேன். வெட்டு முடிந்து லாரி போய்விடும், பாதை கிடக்கும். இலையுதிர் காலத்தில் எல்க் மானைச் சுட வருகிறவன் பிக்கப்பில் அதே வழியாக உள்ளே போவான். சுட்ட மானின் குடலை அங்கேயே போட்டிருப்பான். மறுநாள் இறைச்சியை எடுக்க வரும்போது அதன்மேல் கிரிஸ்லி படுத்திருக்கும். தற்காப்பு என்று சுடுவான். இன்னொருவன் கருங்கரடி வேட்டைக்கு உரிமம் வைத்திருப்பான். நிறத்தை வைத்து முடிவு செய்வான், ஆனால் கிரிஸ்லியிலும் கறுப்பு உண்டு, கருங்கரடியிலும் பழுப்பு உண்டு. பார்க்க வேண்டியது தோள்மேல் திமில், குழிந்த முகம், குட்டைக் காது, நீண்ட வெளிர்நகம். மொன்டானாவில் கருங்கரடி உரிமம் வேண்டுமென்றால் இதில் தேர்வு எழுதித் தேற வேண்டும். தவறாகச் சுட்டவன் சிலசமயம் சொல்வான், பலசமயம் மண்ணைப் போட்டு மூடுவான்.

இதற்கு ஒரு அளவுகோல் உண்டு. ஆல்பர்ட்டாவின் மீட்புத் திட்டம் முக்கியமான கரடிக்காட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 0.6 கிலோமீட்டருக்கு மேல் திறந்த பாதை கூடாது என்கிறது. நூறு சதுர கிலோமீட்டர் காட்டில் அறுபது கிலோமீட்டர் பாதை, அவ்வளவுதான் வரம்பு. அதைத் தாண்டினால் பிறப்பதைவிடச் சாவது கூடும் காடாக அது மாறத் தொடங்குகிறது. ஏன் இவ்வளவு சீக்கிரம் கவிழ்கிறது என்றால், பெண் கிரிஸ்லி ஆறு வயதையொட்டித்தான் முதலில் ஈனுகிறது, இரண்டு குட்டி, அடுத்த ஈற்றுக்கு மூன்று வருடம். கோடைத் தொடக்கத்தில் இணைசேர்ந்தாலும் கரு நவம்பர் வரை கருப்பையில் ஒட்டாமல் காத்திருக்கும். அதற்குள் உடலில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு ஏறாவிட்டால் குட்டியே கிடையாது. மலைக்காட்டில் அந்தக் கொழுப்பு பெரும்பாலும் ஹக்கிள்பெரி, பஃபலோபெரிப் புதர்களிலிருந்து வருகிறது. அந்தப் புதர்கள் பழைய தீ எரிந்த, வெயில் விழும் சரிவுகளில் காய்க்கும். அந்தச் சரிவின் குறுக்கே பாதை போனால் பெண் கரடி அங்கே வர அஞ்சிப் பட்டினி கிடக்கும், இல்லை வந்து சாகும்.

2017 அக்டோபரில், தடைக்கு இரண்டு மாதம் முன்னால், பிரிட்டிஷ் கொலம்பியாவின் தணிக்கைத் தலைவர் இதைத்தான் எழுதினார்: கிரிஸ்லிக்கு வேட்டையைவிடப் பெரிய ஆபத்து வாழிடம் சிதைவது. அந்த மாகாணத்தில் மட்டும் 6 லட்சம் கிலோமீட்டர் தொழில் பாதைகள், ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் கூடுதல். தடையைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையைத் திறந்து பார்த்தார்கள்? மனுவில் கையெழுத்துப் போடுவது ஐந்து நிமிட வேலை, செந்தில். பாதையை மூடுவதுதான் வருடக்கணக்கான வேலை.

அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஒரு கேட்டைப் போட்டுப் பூட்டுவதைப் பாதை மூடுவது என்கிறார்கள். திறந்த சமவெளியில் கேட் போட்டால் நான்கு சக்கர பைக்கில் சுற்றிக்கொண்டு போவான். பாறையை வெட்டிய இடத்திலோ பாலத்தின் வாயிலிலோ போட்டால்தான் கேட்டுக்குப் பொருள். சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. நிரந்தரமாக மூட வேண்டுமென்றால் பாலத்தையும் தண்ணீர் போகும் குழாய்களையும் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்காமல் விட்டால் குழாய் அடைத்துச் சரிவே அடித்துக்கொண்டு போகும். முதல் சில நூறு மீட்டரை இயந்திரம் வைத்துக் கிளறி, பழைய சரிவுக்குத் திருப்பி, பாறையையும் வெட்டுக்கழிவு மரங்களையும் குறுக்கே பரப்ப வேண்டும். நுழைவாயில் பாதைபோலத் தெரியாவிட்டால் பெரும்பாலானவர்கள் உள்ளே நுழைவதில்லை. இத்தனையும் செய்துவிட்டு, மண் அரிக்காமல் இருக்கக் குளோவர் விதையைத் தூவிவிட்டுப் போகிற கம்பெனிகள் உண்டு! குளோவர் கிரிஸ்லிக்குப் பிடித்த தீனி. திறந்த பாதையோரத்தில் அதை விதைப்பது கரடியைத் துப்பாக்கிமுன் கூப்பிட்டு உட்காரவைப்பது. அந்த மண்ணுக்கே உரிய, கரடி தின்னாத புல்லை விதைக்க வேண்டும்.

தேசியப் பூங்கா ஆக்கினால் தீராதா என்கிறீர்கள். பான்ஃப் தேசியப் பூங்கா 6,641 சதுர கிலோமீட்டர். அங்கே சுமார் 65 கிரிஸ்லிகள்தான். ஒரு ஆணுக்கே ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். பூங்காவின் எல்லை கரடிக்குத் தெரியாது. 148 என்ற எண்ணிட்ட பெண் கரடியின் கதை உங்கள் ஊர்ப் பக்கம்தான். பான்ஃப் ஊரை ஒட்டியே அதன் தாய் 64 அதை வளர்த்தது. எவரையும் காயப்படுத்தியதில்லை. ஆனாலும் கான்மோர் பக்கம் ஆட்களை நோக்கிப் பாய்ந்தது என்று 2017 ஜூலையில் பிடித்து வடக்கே காக்வாவில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து நடந்து பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் போனது. செப்டம்பர் 24 அன்று ஒரு வேட்டைக்காரர் சட்டப்படியே சுட்டார். ஆறு வயது, முதல் ஈற்றுக்குத் தயாரான வயது. அந்த மாகாணத்தில் வேட்டை நிற்க மூன்று மாதம்கூடப் பாக்கி இல்லை.

வேட்டையே இல்லாத யோஹோ பூங்காவில் நகோடா என்ற வெள்ளைக் கிரிஸ்லி. 2024 ஜூன் 6 காலை அதன் இரண்டு குட்டிகளும் நெடுஞ்சாலையில் வண்டி மோதிச் செத்தன. அன்று மாலை வேலியைச் சரிசெய்துகொண்டிருந்த பூங்கா ஊழியர்களின் கண்ணெதிரே தாய் ரயிலுக்கு மிரண்டு சாலையில் பாய்ந்து அடிபட்டது. உள்காயத்தோடு காட்டுக்குள் ஓடி இறந்தது. அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள்.

இப்போது உங்கள் முக்கால் மணி நேரத்துக்கு வருகிறேன். தாயும் குட்டியும் ஏன் சாலையோரம் நின்றன தெரியுமா? மரம் வெட்டிய ஓரத்தில் வெயில் விழுவதால் டேன்டிலியன் செடி அங்கே சீக்கிரம் முளைக்கும். தவிர, குட்டிகளைக் கொல்லும் பெரிய ஆண் கரடிகள் வண்டிச் சத்தத்துக்கு ஒதுங்கிப்போகும். உயிருக்குப் பயந்து உங்களிடம் வந்து நின்ற தாய் அது. கார் ஒன்றும் செய்யாது, மனிதன் ஒன்றும் செய்யமாட்டான் என்று அந்த இரண்டு குட்டிகளுக்கும் முக்கால் மணி நேரம் நீங்கள் கற்பித்தீர்கள். பெரிதானபின் அதே பாடத்தோடு அவை ஊருக்குள் போகும். அப்போது 2024 விதி சொல்லும் ‘பிரச்சினைக் கரடி’ என்ற பெயர் அவற்றுக்கு வரும். பிள்ளைகளின் சந்தோஷம் எனக்குப் புரிகிறது. அவர்கள்மேல் கோபமே இல்லை. உங்கள்மேல் கொஞ்சம் இருக்கிறது. அடுத்தமுறை வேகத்தைக் குறைத்துக் கடந்து போங்கள், வண்டி நிற்கக் கூடாது, கண்ணாடி இறங்கக் கூடாது. நடந்து போகும்போது கண்டால் நூறு மீட்டர் தள்ளி இருங்கள். கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரேயைப் பைக்குள் வைக்காமல் இடுப்பில் மாட்டுங்கள். அது எட்டு ஒன்பது மீட்டர்தான் எட்டும், எடுக்க இரண்டு நொடிதான் கிடைக்கும்.

மனுவில் கையெழுத்துப் போட்ட அதே கையால் இன்னொரு கடிதமும் எழுதுங்கள். கனனாஸ்கிஸைச் சுற்றி மரம் வெட்டும் கம்பெனிகள் வெட்டுத் திட்டத்தை மக்கள் கருத்துக்கு வைக்கும்போது கேளுங்கள்: புதிதாக எத்தனை கிலோமீட்டர் பாதை, அந்தப் பகுதியில் இப்போது எவ்வளவு இருக்கிறது, பாலங்களை எந்த வருடம் பிடுங்குவீர்கள், கேட் எங்கே வரும், சாவி யாரிடம், ஓரத்தில் என்ன விதை. ஆபீஸ் நண்பர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடந்துபோய் வேட்டையாடுகிறவர்களுக்குப் பாதை மூடுவதில் உங்களைவிட அக்கறை இருக்கும். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.