லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வேலைக்கு இரண்டு லட்சமா?

கேள்வி: டிப்ளமோ முடித்து, லிஃப்ட் மெக்கானிக்காக எட்டு வருட அனுபவம். துபாயில் இன்ஸ்பெக்டர் வேலையும் விசாவும் வாங்கித்தர ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டப்படி ஆளெடுக்கும் செலவு முதலாளியுடையது. இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அவர் பதிவு எண்ணை, வெளிநாட்டு வேலைக்கான இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள். ‘விசிட் விசாவில் போய் மாற்றிக்கலாம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, வேலை எங்கே? லிஃப்ட் கம்பெனிகளை விடுங்கள். ஐஎஸ்ஓ 17020 (ஆய்வு நிறுவனங்களுக்கான சர்வதேசத் தரம்) அங்கீகாரம் உள்ள மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனங்களுக்கு நேராக எழுதுங்கள். அப்படியொன்றில்தான் நானும் இருந்தேன். நேர்காணலில் ரிப்பேர் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. ஓவர்ஸ்பீடு கவர்னர் (லிஃப்ட் வேகம் மீறுவதைக் கண்டுபிடிக்கும் கருவி) செயல்பட்டதும் சேஃப்டி கியர் என்ற அவசர பிரேக், லிஃப்ட் ஓடும் இரண்டு கைடு ரயிலையும் சமமாகப் பிடித்ததா, பிடித்த தடத்தை எங்கே பார்ப்பாய், ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவாய் என்றே குடைந்தார்கள். இஎன் 81-20, 81-50 என்ற ஐரோப்பிய லிஃப்ட் பாதுகாப்புத் தரநிலைகள் இரண்டையும் படித்துவிடுங்கள்.

அப்புறம், டிப்ளமோ சான்றிதழின் அட்டெஸ்டேஷனை (அது உண்மையானது என்ற அரசுச் சான்றொப்பத்தை) இப்போதே தொடங்குங்கள். மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று சுற்றி வர வேண்டும், இழுக்கும்.