கருஞ்சட்டையும் ஜெபமாலையும்: டீச்சரிடம் கேளுங்கள்

கேள்விகள் இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். திட்டி எழுதியவற்றை விட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் குறைவில்லாமல் திட்டியிருக்கிறீர்கள், அதில் மட்டும் நல்ல ஒற்றுமை. என்னைத் தெரியாதவர்களுக்கு: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, காரைக்குடி செக்காலைப் பக்கம் வீடு, ஞாயிறு பூசை தவறவிடாத கத்தோலிக்கப் பொம்பளை. வீட்டுக்காரர் கருஞ்சட்டைக்காரர். கிறிஸ்தவர்களும் நாத்திகர்களும் மரியாதையாகப் பேசிக்கொள்வது எப்படி என்று என்னைக் கேட்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கோட்டையூர், வங்கி ஊழியர்: டீச்சர், எங்கள் பள்ளித் தோழர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் தினமும் காலையில் பைபிள் வசனம் போடுகிறான். இன்னொருவன் அதற்குக் கீழேயே கேலிப்படம் போடுகிறான். "எல்லா மதமும் அன்பைத்தானே சொல்லுது, விடுங்கப்பா" என்றேன். இரண்டு பேரும் என்மேல் பாய்ந்துவிட்டார்கள்.

பாய்ந்தது நியாயம்தான் தம்பி. செத்தவர் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்கிறான் ஒருவன். செத்தவர் எழமாட்டார் என்கிறான் மற்றவன். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது. கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். அத்தனை பெரிய விஷயத்தை நீங்கள் ‘அன்பு’ என்று ஒரு வார்த்தையில் மூடிவிட்டீர்கள். இருவரும் யோசித்து எடுத்த முடிவு உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று அவர்கள் காதில் விழுந்திருக்கும். வேறுபாடு உண்மையானது என்று ஒப்புக்கொள்ளுங்கள், அப்புறம் சமாதானம் பேசலாம். குழு எல்லோருக்கும் பொது என்பதால் வசனமும் வேண்டாம், கேலிப்படமும் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். பேச ஆசை இருக்கிற இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளட்டும்.

புதுவயல், அரிசி ஆலையில் மேற்பார்வையாளர்: சிஸ்டர், நான் இரட்சிக்கப்பட்டவன். "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்" என்று சங்கீதம் 14 சொல்கிறது. வேதத்தில் இருப்பதைத்தானே ஆலையில் இருக்கிற நாத்திகத் தம்பியிடம் சொன்னேன்? அதற்கு ஏன் கோபப்படுகிறான்?

அதே சங்கீதத்தை நாலாம் வசனம் வரை வாசியுங்கள் பிரதர். அப்பம் தின்பதுபோல ஜனங்களைத் தின்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. கேட்பதற்கு ஆள் இல்லை என்ற தைரியத்தில் ஏழையை விழுங்குகிறவன்மேல்தான் அந்தப் பாட்டுக்குக் கோபம். உங்கள் ஆலையில் சம்பளப் பாக்கிக்காக முதலாளியிடம் போய் நின்ற பையன் அந்த வசனத்துக்குள் எப்படி வருவான்? (அவன்தான் நின்றான் என்று உங்கள் கடிதத்தின் பின்பாதியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.)

இன்னொன்று. பவுல் ரோமர் மூன்றாம் அதிகாரத்தில் இதே சங்கீதத்தை எடுத்து, நீதிமான் ஒருவனாகிலும் இல்லை என்று எல்லோர்மேலும் சேர்த்துத்தான் வைக்கிறார். விசுவாசிகளுக்கு விலக்குக் கொடுக்கவில்லை. மலைப்பிரசங்கத்தில், சகோதரனை மூடனே என்கிறவன் எரிநரகத்துக்கு ஏதுவாயிருப்பான் என்று இயேசு சொல்வது மத்தேயு 5:22. நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவனுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள் என்பது முதலாம் பேதுரு 3:15. வாதத்துக்கு வசனம் வேண்டுமென்றால் இந்த இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தை வருத்தமும் சொல்லிவிடுங்கள்.

காரைக்குடி, தி.க. தோழர்: அக்கா, அப்படியானால் பெரியார் சிலைப் பீடங்களில் "கடவுளைக் கற்பித்தவன் முட்டாள், பரப்பியவன் அயோக்கியன், வணங்குகிறவன் காட்டுமிராண்டி" என்று இருக்கிறதே, அதையும் அழிக்கச் சொல்வீர்களா?

சொல்லமாட்டேன் தோழர். அது பீடத்தில் இருக்கிறது. யார் முகத்தைப் பார்த்தும் சொல்லவில்லை. நான் வாசிக்கிறேன், ஒப்புக்கொள்ளாமல் தாண்டிப் போகிறேன். கடவுள் நம்பிக்கையை யாரும் விமர்சிக்கவே கூடாது என்று கேட்கிற கிறிஸ்தவர் மரியாதை கேட்கவில்லை, சலுகை கேட்கிறார். ஆனால் தாயைப் பறிகொடுத்து ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்கிறவளிடம் அதே வாசகத்தைப் போய்ச் சொன்னால் அது பகுத்தறிவில் சேராது. அதை உங்கள் தலைவரே செய்யமாட்டார் என்பதற்கு நம் ஊர்ப்பக்கமே சாட்சி இருக்கிறது.

குன்றக்குடி அடிகளாரைச் சொல்கிறேன். சைவ மடாதிபதி. நாத்திகப் பிரசாரத்துக்கு மறுப்பாக 1950களில் அருள்நெறித் திருக்கூட்டம் கண்டவர். பெரியாரும் அவரும் எதிரெதிர் மேடையில் பேசியவர்கள். பிறகு நேரில் சந்தித்து, கடைசிவரை நண்பர்களாக இருந்தார்கள். பெரியார் அவரை "மகாசந்நிதானம்" என்றே அழைப்பார் என்றும், மடத்துக்குப் போனபோது கொடுத்த திருநீற்றை மறுக்காமல் பூசிக்கொண்டார் என்றும் இன்றும் சொல்வார்கள். அதனால் பெரியார் பக்தராகவும் இல்லை, அடிகளார் கருஞ்சட்டை போடவும் இல்லை. தீண்டாமை என்று வந்தால் இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள். 1982 மண்டைக்காடு கலவரத்தின்போது இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடுவில் சமாதானம் பேசக் குமரிக்குப் போனவரும் இதே அடிகளார்தான். எதிரணியில் ஒருவரோடு நெருக்கமாகப் பழகிய மனிதருக்கு அது கைவந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

ஜீவாவையும் (ப. ஜீவானந்தம்) மறக்க வேண்டாம். இதோ இருக்கிற சிராவயலில் ஆசிரமம் நடத்தி, 1927இல் காந்தியையே அங்கு வரவைத்தவர். பின்னால் கம்யூனிஸ்ட், அசல் நாத்திகர். சா. கணேசன் பழுத்த பக்தர், காங்கிரஸ்காரர். அவர் 1939இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்து மேடையில் ஜீவா ராமகாதை பேசினார். ராமனை அவர் கும்பிடவில்லை, கம்பனை ரசித்தார். கூட்டமும் அதை ரசித்தது. நம் ஊருக்கு இது புதுப்பழக்கம் ஒன்றும் இல்லை.

பள்ளத்தூர், இல்லத்தரசி: கண்ணதாசன்கூட நாத்திகராக இருந்து திரும்பி வந்தவர்தானே ஆச்சி? இயேசு காவியமே பாடினாரே? என் கொழுந்தனாரும் ஒருநாள் திரும்புவார் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சொல்லாதீர்கள். சிறுகூடல்பட்டிக்காரர் பெருமையை நானும் விடமாட்டேன். ஆனால் அவர் ஞானஸ்நானம் வாங்கவில்லை, இந்து மதத்துக்குத்தான் திரும்பினார். அது மட்டுமல்ல, போக்குவரத்து இரண்டு பக்கமும் உண்டு. பேய், சாமியார் மோசடிகளை ஒரு கை பார்த்த டாக்டர் ஆபிரகாம் கோவூர், திருவல்லாவில் ஒரு மார்த்தோமா பாதிரியாரின் மகன். கொழுந்தனார் கோவூரைக் காட்டி "நீங்களும் ஒருநாள் வருவீர்கள் அண்ணி" என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? இப்போது என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள், அது போதும்.

தேவகோட்டை, கல்லூரி மாணவி: சாமி இல்லை என்கிறவர்களுக்கு ஒழுக்கத்துக்கு அடிப்படையே கிடையாது என்று எங்கள் பங்கில் பிரசங்கம் வைத்தார்கள் டீச்சர். பக்கத்தில் இருந்த என் நாத்திகத் தோழி எழுந்து போய்விட்டாள். சபை அப்படித்தான் சொல்கிறதா?

இல்லை கண்ணு. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்ற ஏட்டில் 19 முதல் 21 வரை உள்ள பத்திகள் நாத்திகத்தைப் பற்றியவை. நாத்திகத்தை ஏற்கவில்லை, தெளிவாக மறுக்கிறது. ஆனால் நாத்திகம் பிறந்ததில் விசுவாசிகளுக்கும் கணிசமான பங்கு உண்டு என்கிறது. தவறாகப் போதித்து, தவறாக வாழ்ந்து, கடவுளின் முகத்தை மறைத்தவர்கள் நாமே என்று. நம்புகிறவரும் நம்பாதவரும் சேர்ந்து இந்த உலகத்தைச் சீர்படுத்த உழைக்க வேண்டும், அதற்கு நேர்மையான உரையாடல் வேண்டும் என்றும் சொல்கிறது. பங்குச்சாமியாரிடம் இதைக் காட்டிக் கேள். கோபமாகக் கேட்காதே, அவர்கள் குருமடத்தில் படித்ததுதான்.

கடவுள் இல்லாமல் ஒழுக்கத்துக்கு அடிப்படை எது என்ற கேள்வி மட்டும் நல்ல கேள்வி. தோழியிடமே கேட்டுப் பார். பதில் வைத்திருப்பாள். பதில் பிடிக்காவிட்டால் வாதாடு. ஆனால் ‘அடிப்படை தெரியவில்லை’ என்பது ஒரு வாதம், ‘நீ ஒழுக்கமில்லாதவள்’ என்பது ஒரு பழி. பிரசங்கத்தில் இரண்டும் கலந்துவிட்டன.

தேவகோட்டை, இன்னொரு மாணவர்: கிறிஸ்தவம் என்றாலே அறிவியலுக்கு எதிரி என்கிறான் என் அறைத்தோழன்.

கலிலேயோவை 1633இல் தண்டித்தது உண்மை. அதைத் தவறு என்று ரோமாபுரி வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 1992 ஆனது. இதை மழுப்பாமல் முதலில் நீயே சொல்லிவிடு. அப்புறம், பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் கணக்குப் போட்ட லெமெத்ர் ஒரு குருவானவர் என்பதையும் சொல். 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது லெமெத்ருக்கே அது பிடிக்கவில்லை. என் இயற்பியலை வேதத்தோடு முடிச்சுப் போடாதீர்கள் என்பது அவர் நிலை. உன் அறைத்தோழனுக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

கண்டனூர், பெயர் வேண்டாம் என்றவர்: வருஷாவருஷம் குடும்பத்தோடு ஓரியூர் போகிறோம். அருளானந்தரின் இரத்தத்தால் சிவந்த மண் என்று கொண்டுவந்து வைத்திருந்தேன். நண்பர் வீட்டுக்கு வந்து பார்த்துச் சிரித்துவிட்டார்.

சிரித்தது அநாகரிகம். ஆனால் கேள்வி அநாகரிகம் ஆகாது. ஜான் டி பிரிட்டோ, அதாவது நம் அருளானந்தர், 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். கிழவன் சேதுபதி காலம். இது வரலாறு, உங்கள் நண்பரும் மறுக்கமாட்டார். மண் சிவந்ததற்கு இரத்தம்தான் காரணம் என்பது பக்தி. மண் சிவப்பாக இருப்பது இரும்பு ஆக்சைடால் என்று அவர் சொன்னால், ஆமாம் என்று தலையாட்டலாம், ஒன்றும் குடிமுழுகாது. நம் விசுவாசப் பிரமாணத்தில் மண் வரவில்லை. தன் நம்பிக்கைக்காகத் தலை கொடுத்த ஒருவரை நினைக்க அந்த மண் உங்களுக்கு உதவுகிறது என்று சொல்லுங்கள். மணியம்மை, பெரியார் படத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறவருக்கு இது புரியும்.

காரைக்குடி, ஒரு தகப்பனார்: மகள் ஞானஸ்நானம் பெற்றவள். மாப்பிள்ளைப் பையன் சுயமரியாதைக் குடும்பம். கோயிலில் தாலி கட்டமாட்டேன் என்கிறான். சுயமரியாதைத் திருமணம் போதும் என்கிறார்கள் சம்பந்தி வீட்டார். செல்லுமா?

செல்லாது ஐயா, இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் அண்ணா ஆட்சி கொடுத்த சட்ட ஏற்பு இந்துத் திருமணச் சட்டத்தின் 7அ பிரிவில் இருக்கிறது. மணமக்கள் இருவரும் அந்தச் சட்டப்படி இந்துக்களாக இருக்க வேண்டும். பையன் நாத்திகர் என்றாலும் சட்டத்தின் கணக்கில் இந்துதான். உங்கள் மகள் இல்லை. ஆகவே 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் உங்களுக்கு ஏற்ற வழி. பதிவாளரிடம் அறிவிப்புக் கொடுத்து முப்பது நாள் காத்திருக்க வேண்டும். நாங்களும் அப்படித்தான் செய்தோம். அதன்பின் மேடை போட்டு மாலை மாற்றி, தோழர்கள் வாழ்த்துரை சொல்வதை யாரும் தடுக்கப்போவதில்லை.

உங்கள் மகள் சபையோடும் ஒட்டியிருக்க விரும்பினால், ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க ஆயர் விலக்கு தர முடியும். தன்னால் இயன்றவரை பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டியது மகள் மட்டும். பையன் எந்த வாக்கும் தர வேண்டாம். அவளது வாக்கு அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். இதைத் தெரியாமல் "பையன் மதம் மாறினால்தான்" என்று பேசிப் பேசியே பல வீடுகளில் சம்பந்தம் உடைந்திருக்கிறது. பிள்ளைகள் விஷயத்தை மட்டும் கல்யாணத்துக்கு முன்பே அந்த இரண்டு பேரும் உட்கார்ந்து பேசட்டும். பெரியவர்கள் வேண்டாம்.

ஆத்தங்குடி, டைல்ஸ் பட்டறை நடத்துகிறவர்: மனைவிக்கு அறுவைச் சிகிச்சை. தெரிந்தவர்கள் "ஜெபிக்கிறோம்" என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. என்ன பதில் சொல்வது?

"நன்றி." அவ்வளவுதான். சாப்பாடும் கொண்டுவருகிறோம் என்றால் இன்னும் பெரிய நன்றி. தலைமேல் கைவைத்து ஜெபிக்க உங்கள் மனைவியின் சம்மதம் வேண்டும், உங்கள் சம்மதம் போதாது. மயக்கத்தில் இருக்கிறவரிடம் யாரும் அதைச் செய்ய விடாதீர்கள்.

காரைக்குடி, இளைஞர் மன்றப் பொறுப்பாளர்: இயேசுவைக் கேலி செய்து பதிவு போட்டவர்மேல் புகார் கொடுக்கலாமா?

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295அ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு மத உணர்வைப் புண்படுத்தினால்தான் குற்றம். வெறும் கேலி அதற்குள் சுலபமாக அடங்காது. கொடுக்க வேண்டாம் என்பது என் யோசனை. தன்னைக் காறித் துப்பியவர்கள்மேல் புகார் கொடுக்காதவரின் பெயரால் நீங்கள் ஸ்டேஷனுக்குப் போகிறீர்கள். அந்தப் பதிவில் ஒரு தகவல் பிழை இருந்தால் அதைத் திருத்தி எழுதுங்கள். பிழை இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கானாடுகாத்தான், கல்லூரி விரிவுரையாளர்: நான் நாத்திகன். நண்பரின் தாயார் இறந்துவிட்டார், கோயிலில் அடக்கப் பூசை. மண்டியிடாமல் இருந்தால் அவமரியாதையா?

இல்லை தம்பி. எல்லோரும் எழும்போது எழுந்து நில்லுங்கள், மண்டியிடும்போது உட்கார்ந்திருங்கள். நற்கருணைக்கு வரிசையில் போகாதீர்கள். மரியாதை என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு, அது விசுவாசிகளுக்கு உரியது. கல்லறையில் ஒரு பிடி மண் போடலாம், அதற்கு நம்பிக்கை தேவையில்லை. பின்வரிசையில் என் வீட்டுக்காரர் இருப்பார், கருஞ்சட்டையை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். அவர் பக்கத்தில் உட்காருங்கள்.