கேள்வி–பதில்: வைல்ட்கேட் தோட்டாவும் பித்தளைக் கழுத்தும்

கேள்வி: .30-06 தோட்டாவின் காலி உறைகளை டையில் (உறைக்கு வடிவம் தரும் அச்சு) அழுத்தி, அதைவிடச் சிறிய குண்டு பிடிக்கும் .25-06 ஆக மாற்றுகிறேன். டையில் சுலபமாகத்தான் போகிறது. ஆனால் குண்டு பொருத்தியபின் சில தோட்டாக்கள் சேம்பருக்குள் (ரைஃபிளில் தோட்டா அமரும் அறை) இறுக்கமாக நுழைகின்றன. ஏன்?

பதில்: இறுகும் தோட்டா ஒன்றைக்கூடச் சுடாதீர்கள். முதலில் மைக்ரோமீட்டரை எடுத்துக் கழுத்தை, அதாவது குண்டைப் பிடிக்கும் உறையின் குறுகிய முனையை, அளந்து பாருங்கள்.

0.308 அங்குலக் குண்டைப் பிடித்த கழுத்து 0.257க்குச் சுருங்கும்போது, அந்தப் பித்தளை எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? சுவர் தடிக்கும், நீளமும் மாறும். கணக்கைப் பாருங்கள். .25-06இல் குண்டு பொருத்திய கழுத்தின் உச்ச அளவு 0.290 அங்குலம். 0.015 இருந்த சுவர் 0.017 ஆகிவிட்டால், 0.257 உடன் இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து 0.291. சேம்பருக்குள் கழுத்து விரிய இடமில்லை என்றால் குண்டு விடுபடாது, அழுத்தம் எகிறிவிடும். ஆபத்து இதில்தான்.

சோதனை எளிது. அதே ரைஃபிளில் சுட்ட உறையை, டையில் போடாமல் அப்படியே எடுத்து, அதன் வாயில் புதுக் குண்டு ஒன்றை விடுங்கள். தானாக உள்ளே விழ வேண்டும். விழவில்லையா, கழுத்து தடிமன்.

தீர்வு, கழுத்தின் வெளிப்பக்கத்தைக் கடைவது. உள்ளே அளவான தண்டு நுழைய, வெளியே கத்தி சுற்றும் சிறு கருவி இதற்கென்றே கிடைக்கிறது. ஒரே மூச்சில் ஆழமாகச் சீவாமல், முடி போன்ற சுருள் வருகிற அளவில் இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். சுவர் 0.0145க்கு வந்தால் தோட்டாவின் கழுத்து 0.286, போதிய இடைவெளி. உறையின் மொத்த நீளத்தையும் 2.484க்கு வெட்டிவிடுங்கள். 2.494ஐத் தாண்டினால் வாய் விளிம்பு சேம்பர் முனையில் மாட்டி, குண்டைக் கவ்விக்கொள்ளும்.

டையில் அழுத்துமுன் உறையில் லானோலின் (ஆட்டு உரோமக் கொழுப்பு) கலந்த எண்ணெயை விரல் நுனியால் தடவினால் போதும். தோளில் (கழுத்துக்குக் கீழே உறை சரியும் பகுதி) தேங்கினால் அங்கே குழி விழும். உடம்பில் தடவ விட்டுப்போனால் உறை டையிலேயே சிக்கிக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். .25-06 வைல்ட்கேட்டாக, அதாவது தொழிற்சாலை தயாரிக்காமல் ஆர்வலர்கள் தாமே செய்துகொள்ளும் தோட்டாவாக, இருந்த காலம் 1969இல் முடிந்துவிட்டது. அந்த ஆண்டே ரெமிங்டன் அதைத் தொழிற்சாலைத் தோட்டாவாக்கியது. கடையில் அசல் உறை கிடைத்தால் அதையே வாங்குங்கள். மாற்றிய உறையின் அடியில் ".30-06" முத்திரை அப்படியே இருக்கும், பெட்டியில் பெரிதாக எழுதி ஒட்டாவிட்டால் மற்றவர் கை மாறி எடுத்துவிடுவார்.

கேள்வி: கழுத்தில் நெடுக்காக வெடிப்பு வருகிறது. பித்தளை மட்டமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. தோட்டா உறை 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. அழுத்த அழுத்த இறுகும். சூடுகாட்டி இளக்கினால்தான் மறுபடி வளையும். பிரைமர் (உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிமிழ்) இல்லாத வெற்று உறைகளைப் பாதி உயரத் தண்ணீரில் நிறுத்தி, கழுத்தில் மட்டும் டார்ச் சுடரைச் சில நொடிகள் காட்டி, தண்ணீரில் சாய்த்துவிடுங்கள். சுமார் 400 டிகிரி செல்சியஸ் போதும். வெப்பம் காட்டும் பூச்சைத் தடவிக்கொண்டால் ஊகிக்க வேண்டியதில்லை. தண்ணீர் பித்தளையை எஃகைப்போலக் கடினமாக்காது. சூடு கீழே இறங்காமல் தடுக்கத்தான் அது. உறையின் அடிப்பகுதி இளகிவிட்டால் அந்த உறையைக் குப்பையில் போடுங்கள். சுடும்போது எழும் அழுத்தத்தைத் தாங்குவது அந்த இடம்தான்.

அம்மோனியா கலந்த பாலிஷும் வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் தாமாகவே வெடிப்பு விட்டன. ஈரக் காற்றில் சாணமும் சிறுநீரும் கிளப்பிய அம்மோனியாதான் காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. உள்ளே இறுக்கம் தங்கிய பித்தளை, அம்மோனியா பட்டால் பிளக்கும்.

கேள்வி: .30-06ஐ விரித்து, பெரிய குண்டு பிடிக்கும் .35 வீலன் தோட்டா செய்தேன். தோட்டா சேம்பரில் லொடலொடக்கிறது.

பதில்: கழுத்து அகன்றதும் தோள் மிகக் குறுகிவிடுகிறது. உறையைச் சேம்பரில் நிறுத்திப் பிடிப்பது அந்தத் தோள்தான். பிடிமானம் இல்லாமல் சுட்டால் உறை நீண்டு, அடிக்குச் சற்று மேலே வளையமாக மெலியும். பிறகு அங்கேயே அறுந்துவிடும். கூம்பு வடிவ விரிப்பானால் கழுத்தை 0.358ஐவிடச் சற்று அதிகமாக விரியுங்கள். பிறகு வீலன் டையைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறக்கி இறக்கி, போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) லேசான எதிர்ப்போடு மூடும் இடத்தில் நிறுத்துங்கள். முன்பு தோளாக இருந்த தடித்த பித்தளை இப்போது கழுத்தின் அடியில் வளையமாக உட்புறம் துருத்தும். அதை ரீமரால் (துளையின் உட்புறத்தைச் சீவும் கருவி) எடுத்துவிடுங்கள்.

கேள்வி: இந்தியாவில் ரைஃபிள் உரிமம் இருக்கிறது. வீட்டில் தோட்டா செய்யலாமா?

பதில்: கூடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவுப்படி தயாரிப்புக்குத் தனி உரிமம் வேண்டும். வைத்திருக்கும் உரிமம் அதற்குச் செல்லாது. மேலே சொன்னவை அமெரிக்கா போல, சொந்த உபயோகத்துக்குச் செய்யச் சட்டம் இடம் தரும் நாடுகளில் இருப்போருக்கு.