ஊசித் திசுவில் உறுதியாகாத மார்பகக் கட்டி

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54. இடது மார்பில் வேகமாக வளர்ந்த கட்டிக்கு ஊசி பயாப்சி செய்ததில், 'ஸ்பிண்டில் செல் கட்டி. மெட்டாபிளாஸ்டிக் கார்சினோமாவாக இருக்கலாம். ஐஎச்சி தேவை' என்று அறிக்கை வந்துள்ளது. இன்னும் பரிசோதனை எதற்கு? கட்டியை உடனே எடுத்துவிடக் கூடாதா?

பதில்: உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் இந்த அறிக்கையை எழுதிய நோயியல் மருத்துவர் தட்டிக்கழிக்கவில்லை. என் பார்வையில், மிகப் பொறுப்பாகவே எழுதியிருக்கிறார். மெட்டாபிளாஸ்டிக் கார்சினோமா மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கும் குறைவாகவே காணப்படுவது. இதில் புற்றுச் செல்கள் சுரப்பித் திசுவின் சாயலை இழந்து, நீண்டு மெலிந்த ஸ்பிண்டில் செல்களாகவோ, தோலின் செல்களைப் போலவோ, சில வேளை குருத்தெலும்பாகவோ எலும்பாகவோகூட உருமாறுவதால், ஒரே கட்டிக்குள் இடத்துக்கு இடம் தோற்றம் வேறுபடும். ஊசியில் வருவதோ சில மெல்லிய கீற்றுகள்தான். அவற்றில் ஸ்பிண்டில் செல்கள் மட்டுமே இருந்தால், மார்பகத்தின் இணைப்புத் திசு பெருகி உருவாகும் ஃபில்லோட்ஸ் கட்டி, இணைப்புத் திசுப் புற்றுநோயான சார்கோமா, நார்த்திசு பெருகுவதான, புற்றுநோயே அல்லாத ஃபைப்ரோமாட்டோசிஸ் ஆகியவையும் நுண்ணோக்கியில் ஏறக்குறைய அப்படியே தெரியும்.

இவற்றைப் பிரித்தறியத்தான் ஐஎச்சி எனப்படும் சாயப் பரிசோதனை. செல்களில் கெரட்டின் புரதம் இருந்தால் அது கார்சினோமாவின் பக்கம், அதாவது சுரப்பி, தோல் போன்றவற்றின் மேலுறைச் செல்களில் தொடங்கும் புற்றுநோயின் பக்கம், சாயும். இந்த வகையில் சில செல்கள் ஒரு கெரட்டினை இழந்து இன்னொன்றைத் தக்கவைத்திருக்கும் என்பதால், சிகே 5/6, சிகே 14 என்னும் கெரட்டின்கள், பி63 என்னும் வேறொரு புரதம் எனப் பலவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் நெகட்டிவ் என்றால் புற்றுநோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. வீரியமிக்க ஃபில்லோட்ஸ் கட்டியிலும் இவை அங்கங்கே படிவதுண்டு என்பது கூடுதல் சிக்கல்.

உடனே எடுக்கலாமா என்பதற்கு வருகிறேன். ஃபில்லோட்ஸ் கட்டி என்றால் சுற்றிலும் நல்ல திசு விளிம்புடன் அகற்றுவதே முக்கியம், அக்குளைப் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை. மெட்டாபிளாஸ்டிக் கார்சினோமா என்றால் அக்குள் நிணநீர்க் கணுவைச் சோதிக்க வேண்டும், கீமோதெரபியும் தேவைப்படலாம், சிலருக்கு அது அறுவைக்கு முன்பே தொடங்கும். எனவே இரண்டுக்கும் திட்டமே வேறு. ஈஆர், பிஆர் என்னும் ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 என்னும் புரதம் ஆகிய மூன்றையும் இதே திசுவில் பார்ப்பார்கள். இந்த வகையில் பெரும்பாலும் மூன்றுமே நெகட்டிவாக இருக்கும்.

ஐஎச்சியிலும் தெளிவில்லையென்றால் கட்டியின் வேறு பகுதிகளிலிருந்து மறுபடி ஊசித் திசு எடுப்பார்கள். சில சமயம் கட்டி முழுவதையும் அகற்றிப் பல துண்டுகளாக ஆராய்ந்த பிறகே பெயர் உறுதியாகும். பயாப்சியால் நோய் பரவிவிடும் என்று பயந்து இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஸ்லைடுகளோடு மெழுகில் பதித்த திசுவான பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்கி, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற பெரிய மையத்தில் இரண்டாவது கருத்துப் பெறலாம். கட்டி வேகமாக வளர்வதால், ஐஎச்சி முடிவு எந்தத் தேதியில் வரும் என்பதை இன்றே உங்கள் மருத்துவரிடம் கேட்டு, அறுவை மருத்துவரையும் புற்றுநோய் மருத்துவரையும் அதையொட்டியே சந்திக்க நேரம் வாங்கிவிடுங்கள்.